வேங்கன் மறைத்த வயிற்றுவலி

மலைக்காட்டில் வேங்கன் என்றொரு செந்நாய் வாழ்ந்தான். அவன் துணை மின்னி தலைப்பிரசவத்துக்கு மலைக்கு அப்பால் இருக்கும் தாய்வீட்டுக் குகைக்குப் போயிருந்தாள். அவள் குட்டி போட்டுவிட்டாள் என்று ஒரு காகம் வந்து சொன்னது.

"யாரு ஜாடை? என் ஜாடையா?" என்று வேங்கன் துளைத்தெடுத்தான்.

"பறந்துக்கிட்டே பார்த்தவன்கிட்ட ஜாடை கேட்கிறியே!" என்றது காகம்.

அன்றிலிருந்து வேங்கனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தூங்கினால் கனவில் குட்டிகள். விழித்தால் கண்ணெதிரே அந்த மலை.

மழைக்கு முன்னால் செந்நாய்கள் மலை தாண்டிப் போகும். முதலில் ஒரு கூட்டம், சில நாள் கழித்து இன்னொரு கூட்டம். கிளம்புமுன் எல்லோரும் காலையில் வெறும் வயிற்றோடு குளத்துக்குப் போய், வைத்தியர் சுருளனிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சுருளன் ஓர் அட்டை. கண் மங்கல்தான், ஆனால் நாக்கு படு கூர்மை. ஒரு சொட்டு உறிஞ்சினால் போதும், உள்ளே என்ன கோளாறு என்று தெரிந்துகொள்வார்.

வேங்கனுக்கு அதுதான் பயம். மலையேறத் தெம்பு வேண்டுமென்று காட்டுப்பன்றிக் கொழுப்பை மூக்குமுட்டத் தின்றிருந்தான். அதிலிருந்து வயிறு பிடுங்கியது, வாந்தி வேறு. முன்னங்காலைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டால்தான் வலி கொஞ்சம் அடங்கியது.

"என்னடா, மலைச்சாமியைக் கும்பிடுறியா?" என்று கேட்டான் நண்பன் காரி.

"சோம்பல் முறிக்கிறேன்!" என்றான் வேங்கன். நல்ல சோம்பல்!

சுருளன் அவன் காலில் ஒட்டி உறிஞ்சினார். சப்புக்கொட்டினார்.

"கணையம் வீங்கியிருக்குமோன்னு லேசா சந்தேகம். ஆனா வேற சில கோளாறுக்கும் இதே ருசி வரும். இரத்தத்தை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, நீயும் சொல்லணும். வயிறு வலிக்குதா?"

"இல்லைங்க!"

"வாந்தி?"

"கிடையவே கிடையாதுங்க!"

"கொழுப்பு தின்னியா?"

"மோந்துகூடப் பார்க்கலைங்க!"

"எதுக்கும் நாலு நாள் பத்தியமா இருந்து, அடுத்த கூட்டத்தோட போயேன்."

"அதுவரைக்கும் என் உசிரு தாங்காது வைத்தியரே! நான் நல்லாத்தான் இருக்கேன்!"

சுருளன் யோசித்தார். "நீ அப்படிச் சொன்னா சரி. போயிட்டு வா."

வேங்கன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். மலையுச்சியை நெருங்கியதும், கீழே அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய கீச்சுக்குரல்கள் கேட்டன. குட்டிகள்! அவன் குட்டிகள்! பாய்ந்து ஓடினான். வயிற்றைக் கிழிப்பதுபோல் ஒரு வலி. அப்படியே சுருண்டு விழுந்தான். பதிலுக்கு ஒரு குரல் கொடுக்கப் பார்த்தான், அதுகூட வரவில்லை.

காரிதான் அவனைத் தாங்கித் தாங்கிக் குளத்தங்கரைக்குத் திருப்பி அழைத்து வந்தான். சுருளன் திட்டவில்லை.

"லேசா இருந்ததை முத்த விட்டுட்டியே! அன்னைக்கே சொல்லியிருந்தா நாலு நாள்ல எழுந்திருப்பே" என்றார்.

வேங்கன் எழுந்து நிற்கவே வெகுநாள் ஆயிற்று. அவன் படுத்திருக்கும்போதே இரண்டாவது கூட்டம் மலையேறியது. கிழட்டு நாய்கள்கூடப் போயின. கண்ணை விட்டு மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டே கிடந்தான். பிறகு மழை பிடித்தது. பாதை அடைபட்டது. மழைச்சத்தத்துக்கு நடுவிலும் அந்தக் கீச்சுக்குரல் கேட்கிறதா என்று தினமும் காதைத் தூக்கிக்கொண்டு ஏங்கினான்.

மாதக்கணக்கில் பெய்த மழை விட்டதும் முதல் ஆளாக மலை தாண்டினான். குகை வாசலில் வாட்டசாட்டமான இளநாய்கள் வழிமறித்து உறுமின.

"யாருய்யா நீ? இங்கே உனக்கு என்ன வேலை?"

அச்சு அசலாக அவன் ஜாடை! ஆனால் அவன் பார்க்கத் துடித்த குட்டிப் பருவம் போயே போய்விட்டது. "நான்தான்டா உங்க அப்பா" என்றான் வேங்கன். அவர்கள் நம்பவில்லை. தாயைக் கூப்பிட உள்ளே ஓடினார்கள்.

ஆசைக்காக நோயை மறைப்பவன், அந்த ஆசையையே பறிகொடுப்பான்.