மயிலின் நூறு கண்ணும் மந்தியின் ஒரு கையும்

ஓடைக்கரை அத்தி மரத்தில் செம்பி என்ற மந்தி தன் குட்டி பொட்டுவோடு இருந்தது. இருந்தது என்பதைவிட, குட்டியைச் சுமந்துகொண்டு அல்லாடியது என்பதே சரி.

மற்றக் குட்டிகள் கிளைக்குக் கிளை தாவின. பொட்டு தாவினால் கிளை ஒரு பக்கம், கை ஒரு பக்கம்! தொப்பென்று விழும். செம்பி இறங்கிப் போய்த் தூக்கி வரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் இறங்குவது? இடுப்பு விட்டுப்போயிற்று.

மரத்தில் பழம் தீர்ந்தது. "நாளைக்குக் காலையில அக்கரை போறோம். குட்டிங்க தானாத் தாவணும்!" என்றது கூட்டத் தலைவனான கிழக் கடுவன்.

கீழே ஓடை சுழித்து ஓடியது. பொட்டு அதில் விழுந்தால்? செம்பி குட்டியைத் தூக்கிக்கொண்டு கரை மேட்டில் இருந்த மயிலிடம் ஓடியது.

"மயிலண்ணே, இவனுக்குக் கண்ணு சரியாத் தெரியுதான்னு பாருங்களேன்!"

"தோகையில நூறு கண்ணு வச்சிருக்கேன். என்கிட்ட வந்துட்டே இல்ல, கவலைய விடு!" என்ற மயில், ஒரு பழத்தைக் காட்டியது. "பொட்டு, இந்தா!"

பொட்டு லபக்கென்று பிடுங்கிக்கொண்டது.

"பாத்தியா! கண்ணு பளிச்சுன்னு இருக்கு. இது வெறும் சோம்பல். ரெண்டு போடு, தானாத் தாவும்!"

வீடு திரும்பும் வழியில் பொட்டு மறுபடியும் விழுந்தது. செம்பி இரண்டு போட்டுவிட்டது. பொட்டு அழுதது. அழுதுகொண்டே அம்மா மடியில்தான் வந்து ஏறியது. வேறு யாரிடம் போகும்?

அசதியில் செம்பி அப்படியே சாய்ந்தது. அதன் உள்ளங்கை குட்டியின் இடக்கண்மேல் விழுந்தது. பொட்டு பேசாமல் இலையைக் கிள்ளி விளையாடியது. கை சற்றே நழுவி வலக்கண்ணை மூடியது. அவ்வளவுதான்! "அம்மா! கையை எடு!" என்று அலறியது.

செம்பிக்குத் தூக்கம் போயிற்று. மறுபடி இடக்கண்ணை மூடியது. சிரிப்பு! வலக்கண்ணை மூடியது. அலறல்! அப்படியே சத்தமில்லாமல், மிச்சம் வைத்திருந்த ஒரு பழத்தை நீட்டியது. வாசனை பிடித்த பொட்டுவின் கை காற்றைத் துழாவியது.

"ஐயோ, இந்தப் பிள்ளையையா அடிச்சேன்!" செம்பி குட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டு அழுதது.

சத்தம் கேட்டுக் கடுவனும் மயிலும் வந்தன. செம்பி அவற்றின் முன்னாலும் சோதித்துக் காட்டியது.

"ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுப் பாத்தீங்க அண்ணே. நல்ல கண்ணு மத்ததுக்கும் சேர்த்துப் பாத்துருச்சு" என்றது. கோபப்படக்கூட அதற்குத் தெம்பு இல்லை.

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டது.

"நாளைக்கு இவன் தாவ வேணாம். உனக்கும் இடுப்பு ஓஞ்சுபோச்சு. என் முதுகுல ஏத்து!" என்றது கடுவன்.

பிள்ளை தடுமாறி விழுந்தால் கையை ஓங்காதீர்கள். அதே கையால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்.