கலயத்துக்குச் சொன்ன சொல்

அந்தக் காலத்தில், மாடு கேட்டால் மனுஷன் நின்று பதில் சொல்லிவிட்டுப் போன காலத்தில், எல்லா உயிருக்கும் உடம்பு இருந்தது, ஓய்வு இல்லை. கண்ணை எப்படி மூடுவது என்று ஒருவருக்கும் தெரியாது. மலைமேல் இருந்த படைத்தவர் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தார். கை கொடுத்தோம், கால் கொடுத்தோம், களைப்பு கேட்காமலே வந்துவிட்டதே என்று அவருக்கே சங்கடமாகப் போயிற்று. கண்மாய்க் கரையில் குடியிருந்த சிலம்பாயியைக் கூப்பிட்டு, ஓய்வெடுக்கும் சொற்கள் கொஞ்சத்தை அவள் காதில் சொன்னார்.

"உடம்பைப் பார்த்துக் கொடு. சொல் கிடைத்துவிட்டால் மற்றதை உடம்பே கற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு வேலைதான், அதைக் குழப்பிவிடாதே. எல்லா உயிரும் கண் மூடிய பிறகு நீ கண் மூடலாம்."

சிலம்பாயி சரி என்று தலையாட்டினாள். எத்தனை உயிர் இருக்கும் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

கண்மாய்க் கரையில் ஓர் இலுப்பை மரம். அதன் அடியில் அவள் உட்கார்ந்தாள். கூட வந்த புருஷன் மூக்கையன் வரிசையை ஒழுங்கு பண்ணினான். முதலில் வந்தது எருமை.

"எந்திரிக்கிற நெனப்பே வராத சொல்லாப் பாத்துக் குடு ஆத்தா."

"அப்ப உனக்குக் 'கிட'தான். போய்ச் சேத்துல கிட."

பின்னால் நின்ற நாய் முன்னே வந்தது. "எனக்கும் அதே இருக்கட்டும்."

"நீ கெடந்தா வீட்டை யாரு பாக்குறது? உனக்குப் 'படு'. உடம்பு தரையில இருக்கும், காது வாசல்ல இருக்கணும்."

குதிரைக்கு 'அயர்' என்று சொன்னாள். நின்றபடியே நாலு மூச்சு கண் அசந்துகொள்ளலாம். குதிரைக்கு அதில் திருப்தியில்லை. "உக்காந்துக்கக் கூடாதா?" என்று கேட்டது. "உன் காலைப் பாத்துட்டுத்தான் சொல்றேன், போ" என்றாள். கோழிக்கும் காக்கைக்கும் 'அடை' போயிற்று. பொழுது சாய்ந்ததும் காலை மடக்கிக் கிளையில் அடைவது. வயசான யானைக்குப் படுத்தால் எழுந்திருக்க முடியாது என்பதால், மரத்தில் முதுகைக் கொடுத்துக்கொள்ள 'சாய்'. மனுஷருக்கு 'உறங்கு'. பாயில் முதுகு பட நீட்டிப் படுத்து, ஊரையே மறந்துபோவது. மூக்கையனின் காதில் அதைச் சொல்லி முடிக்கவில்லை, குறட்டை வந்துவிட்டது.

"இந்தாளுக்கு மட்டும் எல்லாம் சீக்கிரம் வந்துருது" என்று சொல்லிவிட்டு, சிலம்பாயி அடுத்த உயிரைக் கூப்பிட்டாள்.

இப்படி எத்தனையோ நாள். அவள் கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. பேச்சு குழறியது. ஆட்டுக்குச் சொல்ல வேண்டியதை ஒருமுறை ஆமையிடம் சொல்லப் பார்த்தாள். ஆமையே திருத்தியது. கடைசியில் ஒரு காலையில் வரிசை முடிந்தது. எழுந்து சேலையை உதறினாள்.

அப்போதுதான் வௌவால் மறுபடியும் வந்தது. நெஞ்சில் ஒரு குட்டியை அணைத்துக்கொண்டு, காற்றில் தள்ளாடிக்கொண்டு வந்தது.

"நீ மூணு தடவை வந்துட்டியே தாயி" என்றாள் சிலம்பாயி.

"என்ன பண்றது ஆத்தா? மொதல்ல 'படு'ன்னு குடுத்தே. தரையில படுத்தேன். எறும்பு வந்து புள்ளையை மொய்ச்சுருச்சு. தரையில இருந்து எனக்கு எந்திரிச்சுப் பறக்கவும் வரலை. கீரி வாறதுக்குள்ள ஒரு கல்லுமேல தவழ்ந்து ஏறித் தப்பிச்சேன்."

"பொறவு 'அடை' குடுத்தேன்ல?"

"கிளையில உக்காந்தேன். என் கால் மத்த பறவை கால் மாதிரி மடங்குதா பாரு. ரெண்டு தடவை விழுந்தேன். 'சாய்'ஞ்சும் பாத்தாச்சு. வழுக்கிக்கிட்டே அடிமரத்துக்கு வந்துட்டேன்."

குட்டி முனகிக்கொண்டே இருந்தது. முதல் சொல் வாங்கி ஒன்பது நாளாகியும் தாய்க்கு இமை சேரவில்லை. பால் வற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு நாள் இப்படியே போனால் குட்டியைப் பிடித்திருக்கிற பிடி நழுவிவிடும் என்று தாய்க்குத் தெரியும். அதைச் சொல்லக்கூட அதற்குத் தெம்பில்லை.

"எங்கிட்ட ஒரே சொல்லுதான் மிச்சமிருக்கு" என்றாள் சிலம்பாயி. "'துயில்'. அது படைச்சவருக்குன்னு எடுத்து வச்சது. தொடக்கூடாது."

"அவருக்கு என்ன வேலை, அசதி வர்றதுக்கு?"

சிலம்பாயிக்குச் சிரிப்பு வந்தது. முகம்தான் ஒத்துழைக்கவில்லை. "இரு தாயி, யோசிக்கிறேன்" என்று சொல்லி மறுபடியும் உட்கார்ந்தாள். இந்த ஓர் உயிர் கண் மூடினால்தான் தன் கண்ணும் மூடும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். வௌவால் ஒரு கவட்டைக் கிளையில் நெஞ்சை அழுத்திக்கொண்டு விழாமல் கிடந்தது. யோசிக்க யோசிக்க சிலம்பாயிக்கு யோசனையே அறுந்து அறுந்து போயிற்று.

வெயில் ஏறியது. மூக்கையன் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து வந்தான். கையில் கஞ்சிக் கலயம், கயிற்று உறியோடு. குடித்தது போக மிச்சத்தை மரத்தடியில் வைக்கக் குனிந்தான்.

சிலம்பாயி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "கீழே வேண்டாம்யா. எறும்பு மொய்க்கும். கிளையில தூங்கவிடு."

அந்தக் காலத்தில் 'தூங்கு' என்றால் தொங்கு என்றுதான் அர்த்தம். கொடியில் காய் தூங்கும், மரத்தில் தேன்கூடு தூங்கும், உறியில் கலயம் தூங்கும். ஓய்வுக்கும் அந்தச் சொல்லுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மூக்கையன் உறியைத் தாழ்ந்த கிளையில் மாட்டினான். கலயம் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது.

பாதி மயக்கத்தில் இருந்த வௌவாலுக்கு யாரிடம் சொன்னாள், எதைப் பற்றிச் சொன்னாள் என்பது கேட்கவில்லை. கீழே வேண்டாம், எறும்பு மொய்க்கும், கிளையில், தூங்கு. இவ்வளவுதான் காதில் விழுந்தது. கடைசியில் தனக்கும் ஒரு சொல் கொடுத்துவிட்டாள்!

"சரி ஆத்தா" என்றது மெல்ல. கால் நகங்களைக் கிளையில் மாட்டியது. குட்டியைச் சிறகுக்குள் சுருட்டிக்கொண்டு உடம்பை விட்டுவிட்டது. விழப்போகிறோம் என்றுதான் நினைத்தது. விழவில்லை. இத்தனை நாளும் பாரமாக இருந்த உடம்பின் கனமே இப்போது நகங்களைக் கிளையோடு இறுக்கிப் பிடித்தது. பிடித்துக்கொள்ள வேண்டிய வேலையே அதற்கு இல்லை. தலைகீழாகத் தெரிந்த கண்மாயை ஒருமுறை பார்த்தது. கண் மூடிக்கொண்டது. குட்டி பால் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மூக்கையன்தான் முதலில் கவனித்தான்.

"ஏ புள்ள, இங்க பாரு. இது என்ன பண்ணுது?"

சிலம்பாயி நிமிர்ந்து பார்த்தாள். கலயம் ஒரு பக்கம், வௌவால் ஒரு பக்கம். அவளுக்கு நடந்தது புரிந்தது.

"தூங்குது" என்றாள்.

"அது எனக்கும் தெரியுதுல்ல? தொங்கிக்கிட்டுல்ல இருக்கு. கண்ணு மூடியிருக்கே, உறங்குதான்னு கேக்குறேன்."

"அதைத்தான்யா சொல்றேன். தூங்குது."

"ஒரு சொல்லுக்கு ஒரு வேலைன்னு சொன்னாரே மலைமேல இருக்கவரு. கோவிச்சுக்கப் போறாரு. எழுப்பு, எழுப்பி வேற சொல்லு குடு."

சிலம்பாயி எழுந்து கிளைக்கு அடியில் போனாள். கையை உயர்த்தினாள். சிறகுக்குள்ளிருந்து குட்டியின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. உதட்டோரம் பால் நுரை. உயர்த்திய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது.

"கேட்டா நாந்தான் குழப்பிட்டேன்னு சொல்லிக்கிறேன்" என்றாள். "ஒம்போது நாள்யா. என்னால இதை எழுப்ப முடியாது."

மூக்கையன் கிளையை நிமிர்ந்து பார்த்தான். சிலம்பாயி வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"வா, வீட்டுக்குப் போவோம். இனிமே நானும் போய்த் தூங்கணும்."

"எந்தக் கிளையில?" என்றான் மூக்கையன்.

அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. வரப்பில் கால் இடற, தலை கவிழ, முன்னால் நடந்து போய்விட்டாள். அவன் மட்டும் கிளைக்கு அடியில் நின்றான். கிளை அசையாமல் உறியை மெதுவாகக் கழற்றி, கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சருகு மிதிபடாமல் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து அவனும் நடந்தான்.

அன்று முதல்தான் வௌவால் பட்டப்பகலில் தலைகீழாகத் தொங்கியபடி கண் மூடுகிறது. நாமும் தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டே, தூங்குகிறோம் என்று சொல்லி வருகிறோம்.