காட்டவரை என்று எழுதியிருந்த கொடி

கோவில்பட்டிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், நூலகத்துக்குப் பின்னால் செங்கல் குப்பை கிடந்த இடம் இப்போது தோட்டம். கண்மாய்க் கரையிலும் ஓடையிலும் விதை பொறுக்கி, இரண்டு வருடத்தில் நாற்பத்திரண்டு நாட்டுச் செடிகளை அங்கே வளர்த்தவள் முதுகலைத் தாவரவியல் மாணவி செண்பகவல்லி. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லவே குரல் எழாதவள். அவளுக்குத் துணை தோட்டக்காரர் லூர்துசாமி.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்ததும், துறைத்தலைவர் தங்கப்பாண்டியன் கல்வெட்டில் தன் பெயரை மட்டும் பொறித்தார். பாசி ஆராய்ச்சிக்காரரான அவர் தோட்டத்துக்குள் வந்ததே இரண்டு முறைதான். பெயர்ப்பலகை அச்சடிக்கப் பட்டியல் கேட்டார். செண்பகவல்லி பிசகில்லாமல் எழுதிக் கொடுத்தாள். அதன் முதல் வரி: "தொகுத்தவர் செ. செண்பகவல்லி. வரிசை, வடக்கு வாசலிலிருந்து."

இன்னொரு பெயர் எதற்கு என்று அந்த வரியை மட்டும் கத்தரித்துவிட்டு, மீதியை அச்சகத்துக்கு அனுப்பினார் அவர். விருந்தினர் வருவது தெற்கு வாசல் வழியாக. அதனால் பலகைகளையும் அங்கிருந்தே நடச் சொன்னார். எல்லாம் தலைகீழாயின.

நடும்போதே லூர்துசாமிக்குச் சந்தேகம்.

"சார், நொச்சிக்கு முன்னால 'தொடாதே'ன்னு போட்டிருக்கு. நொச்சி என்ன கடிக்கவா போகுது?"

"அச்சடிச்சது தப்பா இருக்குமாய்யா? நீ தண்ணி ஊத்துற வேலையப் பாரு."

லூர்துசாமி அவளிடம் வந்தார். "பாப்பா, நீயாவது சொல்லேன்."

"எனக்குப் பேச வராது அண்ணாச்சி."

விழாவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

விழாவன்று பூனைக்காலிக் கொடியில் காய்கள் பொன்னிறச் சுணையோடு முற்றித் தொங்கின. அந்தச் சுணை பட்டால் தோல் அரித்தே தீரும். கீழே பலகையில், ஊறு செய்யாத வேறொரு கொடியின் பெயராக, "காட்டவரை" என்று இருந்தது. சிறப்பு விருந்தினராக வந்த வங்கி அதிகாரி அம்மாளுக்குக் காட்ட, தங்கப்பாண்டியன் ஒரு கொத்தைப் பறித்தார். "பட்டு மாதிரி இருக்கு பாருங்க மேடம்" என்று உள்ளங்கையில் தேய்த்தார். இரண்டடி தள்ளி நின்ற செண்பகவல்லி, அவர் தேய்த்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் ஒரு காயை அம்மாளிடம் நீட்டினார்.

"வாங்காதீங்கம்மா! அது பூனைக்காலி!"

செண்பகவல்லியின் குரல் கூட்டம் முழுவதற்கும் கேட்டது. அம்மாள் கையை இழுத்துக்கொண்டார். தங்கப்பாண்டியன் அதற்குள் கழுத்தையும் தொட்டிருந்தார். வரவேற்புரை சொறிந்தபடியே நடந்தது. இரண்டாவது பத்தியோடு நின்றும் போனது.

மறுநாள் கல்லூரியில் இதே பேச்சு. வரியை வெட்டியவரே தன் கையைக் கெடுத்துக்கொண்டார் என்றார்கள் சிலர். தெரிந்தும் பலகையை நட்ட லூர்துசாமிதான் பழிதீர்த்தார் என்றார்கள் சிலர். செண்பகவல்லியை மட்டும் யாரும் சொல்லவில்லை. "பாவம், வாயில்லாப் பூச்சி. கூச்சத்துல நின்னுருக்கும்."

வாசகரே, இந்த மூவரில் பழிதீர்த்தவர் யார்?

விடை: துறைத்தலைவர் செய்தது அகந்தை, விளைவை அவர் அறியவில்லை. லூர்துசாமி சொல்லிப் பார்த்தார், விரட்டப்பட்டார்; அவர்மேல் பழியில்லை. செண்பகவல்லிதான். அம்மாளுக்காக எழுந்த குரல் ஒரு நிமிடம் முன்னால் துறைத்தலைவருக்காகவும் எழுந்திருக்க முடியும். கூச்சம் ஆள் பார்த்து வருவதில்லை. விழாவுக்குப் பிறகு சரியான வரிசை கேட்டு அவர் ஆள் அனுப்பியபோது அவள் சொன்ன பதிலிலும் தடுமாற்றம் இல்லை:

"சாரையே வரச் சொல்லுங்க."