முள்மொட்டும் தொட்டுக்கையும்

கொடைக்கானலுக்கும் மேலே, மேகம் வாசலுக்குள் வந்து போகிற ஒரு மலையூரில், ஒரு மழைநாளில், ஒரு தொட்டுக்கை பிறந்தது.

வெண்ணெயை உருக்கி, மலைப்பூண்டை நசுக்கிப் போட்டு, மிளகைப் பொடித்துத் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து அதைச் செய்தவள் சுகந்தி. வீட்டில் இருந்த வெண்ணெய் அவ்வளவுதான். சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பாதி வந்தது.

கண் திறந்ததும் தொட்டுக்கை கேட்டது: "நான் யாருக்கு?"

"அதோ, அந்த அழகிக்கு," என்றது பக்கத்தில் கிடந்த அரிவாள்மணை.

முறத்தில் ஒரு பச்சை மொட்டு உட்கார்ந்திருந்தது. தாமரை மொட்டைப் போல மடல்மேல் மடல். ஆனால் ஒவ்வொரு மடல் நுனியிலும் ஒரு முள். அதன் பெயர் ஆர்ட்டிசோக். சுகந்தி களையெடுக்கப் போகிற தோட்டத்தில், கொடைக்கானல் ஓட்டல்களுக்கு அனுப்ப அதைப் பயிர் செய்கிறார்கள். தோட்டத்துக்காரம்மா அன்று ஒன்றைப் பறித்துச் சுகந்தியின் மடியில் போட்டிருந்தாள்.

"பூவா இது? முள்ளம்பன்னி!" என்று சிரித்தது அரிவாள்மணை.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க அக்கா," என்றது ஆர்ட்டிசோக். "உள்ளே எனக்கும் ஒரு குருத்து இருக்கு. அதுவரைக்கும் வர்றவங்கதான் குறைச்சல்."

மூலையில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள் செண்பகம், சுகந்தியின் மகள். ஐந்து வயது. காய்ச்சல் விட்டு நாலு நாள் ஆகிறது. வாய் மட்டும் திறக்கவில்லை. கஞ்சி, ரசஞ்சோறு, பன் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. காலையில் வந்த நர்சம்மா கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னைக்குள்ள ஏதாவது வயித்துக்குள்ள இறங்கணும் சுகந்தி. இல்லேன்னா மலையிறங்கித்தான் ஆகணும்." மழையில் மலைப்பாதை சரிந்து கிடந்தது இருவருக்கும் தெரியும்.

தொட்டுக்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

சுகந்தி ஆர்ட்டிசோக்கைக் கையில் எடுத்தாள். வாழைப்பூ உரித்துப் பழகிய விரல்கள் தாமாகவே வெளி மடலைப் பிடித்து இழுத்தன.

"அப்படித்தான்!" என்றது அரிவாள்மணை. "எத்தனை வாழைப்பூ பார்த்திருக்கேன்! மடலைத் தூர எறி, உள்ளே இருக்கறத எடு."

முதல் மடல் குப்பையில் விழுந்தது. அடுத்ததில் கை வைத்தபோதுதான் தோட்டத்துக்காரம்மா சொன்னது நினைவு வந்தது. 'உரிச்சுப் போட்டுராதே. ஒவ்வொரு மடலாப் பிச்சு, தொட்டு, பல்லால வழிச்சுத் தின்னணும். குருத்து கடைசியிலதான்.' விழுந்த மடலைப் பொறுக்கிக் கழுவி, மற்றதோடு சேர்த்தாள். முள் நுனிகளை மட்டும் அரிந்தாள். இட்லிப் பானையில் வைத்து மூடினாள்.

முக்கால் மணி நேரம் வெந்தது.

அரிவாள்மணைக்கு மனம் ஆறவில்லை. "தங்கச்சி, சொன்னா கேளு," என்றது தொட்டுக்கையிடம். "வெளி மடல்ல நகக்கண் அளவு சதைதான் இருக்கும். அதுங்களுக்குப் போய் உன்னைக் கொடுத்துத் தீர்த்துராதே. குருத்து வரும்போது வெறுங்கையோட நிப்பே."

தொட்டுக்கைக்குப் பயம் வந்தது. தட்டில் ஆவி பறக்க வந்து உட்கார்ந்த ஆர்ட்டிசோக்கைப் பார்த்து, "அக்கா சொல்றது நிஜமா?" என்று கேட்டது.

"நிஜம்தான். என் வெளி மடல்ல ஒண்ணுமில்ல," என்றது ஆர்ட்டிசோக். பிறகு மெதுவாகச் சொன்னது: "ஆனா வாசல் அதுதான்."

சுகந்தி மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"பூ திங்கலாமா தாயி?"

செண்பகம் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "பூவைத் திங்க நான் என்ன ஆடா?"

"ஆடு எங்கேடி தொட்டுக்கிட்டுத் திங்குது? சும்மா இழுத்துப் பாரு."

மெலிந்த விரல்கள் ஒரு மடலை இழுத்தன. அது அடம்பிடிக்காமல் வந்தது. கிண்ணத்துக்குள் முங்கியது.

தொட்டுக்கைக்கு யோசிக்க ஒரு கணம்தான் இருந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டால் குருத்துக்கு மிஞ்சும். ஆனால் இந்தப் பிள்ளை குருத்துக்கு வந்து சேர வேண்டுமே. அது மடலின் குழிவு நிரம்ப ஏறிக்கொண்டது.

செண்பகம் நாக்கு நுனியால் தொட்டாள். பிறகு பல்லால் வழித்தாள். சக்கையைத் தட்டில் போட்டாள். தகரக் கூரையில் மழை கொட்டிற்று.

"இன்னொண்ணு."

இரண்டாவது போனது. ஐந்தாவது போனது. "அடியே, பாதி காலி!" என்று கத்தியது அரிவாள்மணை. தொட்டுக்கை கேட்ட ஒவ்வொரு மடலுக்கும் கை நிறையக் கொடுத்தது. சக்கை குவிந்தது. கிண்ணம் வற்றியது. உள் மடல்கள் மெல்லியதாகி, ஊதா நிறமாகி, ஒருவழியாகத் தீர்ந்தன.

அடியில் பூனைமயிர் போல ஒரு பூம்பஞ்சு. சுகந்தி அதைக் கரண்டியால் சுரண்டி எறிந்தாள். குருத்து தெரிந்தது. நாலாக அரிந்து மகள் முன்னே வைத்தாள்.

கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டிய பிசுக்கும் நாலு பூண்டுத் துணுக்கும்தான் மிச்சம்.

செண்பகம் முதல் துண்டைத் தொட்டுக்கொள்ளாமலே வாயில் போட்டாள். இரண்டாவதையும் அப்படியே. பசி வந்துவிட்டது அவளுக்கு.

"பார்த்தியா?" என்றது அரிவாள்மணை. "உன் பக்கம் திரும்பவே இல்ல."

தொட்டுக்கைக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்குவதையே அது பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது துண்டும் இறங்கியது.

நாலாவதைக் கையில் எடுத்த செண்பகம் நின்றாள். கிண்ணத்தைச் சாய்த்து, சுற்றிலும் ஒரு துணுக்கு விடாமல் வழித்து, அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம் சாமி. நீ தின்னு."

"நாலு நாளா நீயும்தான் திங்கல. நான் படுத்துக்கிட்டே பார்த்தேன். வாயைத் திற."

சுகந்தி வாயைத் திறந்தாள். மெதுவாக மென்றாள்.

அரிவாள்மணை எட்டிக் கிண்ணத்துக்குள் பார்த்தது. எதையும் மிச்சம் பிடிக்காத அந்தக் கிண்ணத்தில், ஒரு வாய்க்கு இருந்திருக்கிறது.