இரண்டாவது எடை

பெர்த் நகருக்கு வடக்கே, கோதுமை வயல்களைத் தாண்டி, துப்பாக்கி சுடும் திடல் ஒன்று இருந்தது. தமிழர்கள் சிலர் அங்கே ஓர் அணி வைத்திருந்தார்கள். அணித் தலைவர் வேதநாயகம். அவருக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர் அம்சவேணி. வயதில் இளையவர்தான். ஆனாலும் வேதநாயகம் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவார்.

ஒரு சனிக்கிழமை காலை டீச்சரின் பட்டறைக்கு வந்தார்.

"இன்பசேகரை டீமை விட்டு எடுத்துடலாம்னு இருக்கேன். போன போட்டியில அவன் கடைசியாச் சுட்டதெல்லாம் இடது பக்கமே போச்சு. கோப்பை போனது அவனாலதான். நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?"

அம்சவேணி ஒரு பெட்டியைப் பிரித்து மேஜையில் கொட்டினார். புத்தம்புதிய பித்தளைத் தோட்டாக்கூடுகள். இன்னும் மருந்து நிரப்பாதவை.

"முதல்ல இதைப் பிரிச்சுக் கொடுங்க. ஒன்னுக்கொன்னு எடை ஒத்துப்போனா இந்தத் தட்டு. போகலைன்னா அந்தத் தட்டு."

முதலில் எடுத்த கூட்டின் வாய் நசுங்கியிருந்தது. வேதநாயகம் அதை ஓரமாகத் தள்ளினார். அம்சவேணி அதை எடுத்து, வாய்க்குள் ஓர் எஃகுத் தண்டை விட்டு உருவினார். வாய் வட்டமாகிவிட்டது.

"வர்ற வழியில இடிபட்டிருக்கு. அவ்வளவுதான்."

வேதநாயகம் எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடுத்தார். பொறுமைசாலி. முடித்தபோது சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.

ஒதுக்கிய கூடுகளின் அடியில் அம்சவேணி கறுப்பு மையால் புள்ளி வைத்தார். பிறகு இரண்டு தட்டுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தார்.

"இன்னொரு தடவை."

"எதுக்கு டீச்சர்?"

"செய்ங்களேன்."

இந்த முறை புள்ளி வைத்த கூடுகளில் பாதி நல்ல தட்டில் விழுந்தன. புள்ளியில்லாத சில ஒதுக்கிய தட்டுக்குப் போயின. வேதநாயகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கூட்டை மறுபடி வைத்தார். எண் ஏறி இறங்கி நடுங்கியது. நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

எழுந்துபோய் நிறுத்தினார். எண் நின்றது.

"எண் ஆடினது முதல்லயே தெரிஞ்சிருக்குமே?" என்றார் அம்சவேணி.

"தெரிஞ்சுது. கூட்டுலதான் கோளாறுன்னு நினைச்சுட்டேன்."

"டீம் போட்டியில காத்தைப் பாத்துச் சொல்றது யாரு?"

"தலைவர்தான். அவர் சொல்ற பக்கம் குறியைத் தள்ளி வச்சுத்தான் மத்தவங்க சுடணும்."

"இன்பசேகர் கடைசியாச் சுட்டப்போ காத்து எப்படி இருந்துச்சு?"

வேதநாயகம் கையிலிருந்த கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் காத்தைப் பாக்கலை டீச்சர்," என்றார் கடைசியில். "ஜெயிச்சுட்டோம்னு நினைச்சு ஸ்கோர் போர்டைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"நேத்து அவன் இங்க வந்திருந்தான்," என்றார் அம்சவேணி. "ஏன்டா அப்படிப் போச்சுன்னு கேட்டேன். அண்ணன் காத்தைச் சரியாத்தான் சொன்னாரு, என் கைதான் ஆடிப்போச்சுன்னான்."