சதானந்தம் அடைத்த டிஸ்க்

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்பிரேம் கணினி அறையில் மங்களேஸ்வரி ஆபரேட்டராக இருந்தாள். ஒருநாள் டிஸ்க் நிரம்பி, வேலை அப்படியே நின்றுவிட்டது. மேலாளர் சதானந்தம் எல்லோர் முன்னாலும் அவள்மீது பாய்ந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள பாதி இடம் காலியாகணும். ஒரு ஃபைல்கூட அழியக்கூடாது. முடியலைன்னா நாளையிலிருந்து வராதே!"

"ஒரு வருஷமா யாரும் திறக்காத ஃபைலை எல்லாம் டிஸ்க்கிலிருந்து எடுத்து காந்த டேப்புக்கு மாத்திடட்டுமா சார்?"

"யாரோடதா இருந்தாலும் மாத்து!"

மாலையில் பாதி டிஸ்க் காலியாகிவிட்டது. "எல்லாம் என் ஏற்பாடு" என்று சதானந்தம், அறையைப் பார்க்க வந்த நிறுவன இயக்குநரிடம் மார்தட்டினார்.

"இவ்வளவு இடத்தை அடைச்சு வெச்சிருந்தது யாரு?" என்று கேட்டார் இயக்குநர்.

மங்களேஸ்வரி டேப்புக்கு மாற்றிய ஃபைல்களின் பட்டியலை நீட்டினாள். டிஸ்க் இடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்லி, சதானந்தம் வாராவாரம் ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனி ஃபைலாகப் போட்டுவைத்த சுற்றறிக்கைகள்தான் அத்தனையும்.

"ஒருத்தர்கூடவா படிக்கலை?"

"எழுதினவரே திரும்பத் திறந்து பார்க்கலையே சார்!"

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்த சதானந்தம், அவர் போகும்வரை நிறுத்தவேயில்லை.