இடிக்குப் பிடித்த குடை

முன்னொரு காலத்தில் கூழாங்குறிச்சி தேசத்தை நெடுமுடிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அரண்மனையைவிட உயரமாக ஊரில் எதுவும் நிற்கக்கூடாது என்பது அவன் சட்டம். தென்னை, பனையெல்லாம் மொட்டையாயின. சட்டம் போட்டாயிற்று, வானத்துக்கு யார் சொல்வது? வேறு போக்கிடமில்லாமல் ஐப்பசி இடியெல்லாம் அரண்மனை மேலேயே விழுந்தது. முதல் இடியில் மேல்மாடம் போயிற்று. இரண்டாவதில் ராஜாவின் தலையணை கருகிற்று. நல்லவேளை, ராஜா கட்டிலுக்கு அடியில் இருந்தான்.

"உத்தரவில்லாமல் இடி உள்ளே வந்தது யார் குற்றம்?" என்று சபையில் கத்தினான்.

தளவாய் வீரபாகுவுக்கு அமைச்சர் திருவேட்டையைக் கண்டாலே ஆகாது. "பிரபு, வாசல் வழியாக வந்திருந்தால் என் பொறுப்பு. கூரை வழியாக வந்ததால் அமைச்சர் பொறுப்பு!"

"சரிதான். ஓய் அமைச்சரே, இன்னோர் இடி விழட்டும், உம் தலை போய்விடும்!"

திருவேட்டை சாளரத்தை எட்டிப் பார்த்தார். வெளியே மேகம் வேறு கறுத்துவிட்டது. கூரைக்கு மேலே ஒரு செப்புக் கம்பி நட்டால் பிழைக்கலாம். ஆனால் 'மேலே' என்று சொன்னாலே தலை போய்விடுமே! அப்போதுதான் அரியணைக்குப் பின்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த குடைக்காரன் கண்ணில் பட்டான்.

"பிரபு, இந்தக் குடை தங்கள் கிரீடத்துக்கு மேலே நிற்கிறதே?"

ராஜா அண்ணாந்து பார்த்தான். "நின்றால் என்ன? அது எனக்கு ஊழியம் செய்கிறது."

"அரண்மனைக்கும் ஒரு குடை பிடிப்போம். துணி வேண்டாம், செப்புக் காம்பு மட்டும்."

"துணியில்லாத குடையா?" என்று தளவாய் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மழைக்குத்தான் ஐயா துணி. இடிக்குக் காம்பே போதும்."

ராஜாவுக்குக் குஷி. உடனே காம்பு கூரைக்கு மேலே ஏறியது. அதன் அடி நுனியைச் சுவரோரமாக இறக்கிக் கிணற்றங்கரை ஈரமண்ணில் புதைத்தார்கள்.

மறுகணமே இடித்தது. "அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்று சபையே அலற, திருவேட்டை தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். பளீரென்று இறங்கிய மின்னல் காம்பு வழியாக மண்ணுக்குள் போய்ச் சேர்ந்தது. ஓர் ஓடுகூட அசையவில்லை.

ஆனால் அரியணைக்கு அடியில் பதுங்கப் போன ராஜாவுக்கு அங்கே இடமில்லை. தளவாய் முன்பே புகுந்திருந்தான். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி விழித்தான்.

"முப்பது வருஷம் என் சோற்றைத் தின்றீர். எனக்கு வந்த ஓர் அடியையாவது தாங்கினீரா? அந்தக் காம்பு ஒரு கவளம்கூடக் கேட்கவில்லையே!"

திருவேட்டையின் தப்பிய கழுத்தில் முத்துமாலை விழுந்தது. தளவாய்ப் பட்டம் காம்புக்குப் போயிற்று. தினமும் காலையில் வீரபாகு அதற்குக் கும்பிடு போட வேண்டும் என்பது உத்தரவு.

அவனும் தவறாமல் போட்டான். மேகம் கறுத்த நாளில் மட்டும் பக்கத்து ஊரிலிருந்து போடுவானாம்.